ஃபைனல் ஃபேண்டஸி 9, 10, 12: மறுபடி விளையாடி டிராஃபி சேர்க்க எது உகந்தது?

பல ஆண்டுகளுக்கு முன் முடித்துவிட்ட ஒரு விளையாட்டை மறுபடி தொடங்குகிறவருக்கு இரண்டு ஆசைகள் இருக்கும். பழகிய அந்த உலகத்துக்குள் இன்னொரு முறை போய்வர வேண்டும் என்பது ஒன்று. முதல் முறை கண்ணில் படாமல் போன மூலைமுடுக்குகளை இந்த முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. விளையாட்டுக்குள் குறிப்பிட்ட சாதனைகளைச் செய்தால் கிடைக்கும் டிராஃபிகளின் பட்டியல் இரண்டாவது ஆசைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலே சில நேரங்களில் முதல் ஆசையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் பழைய வீடியோ விளையாட்டுகளைப் புதிய கருவிகளுக்காக மெருகேற்றி வெளியிட்ட மூன்று ரீமாஸ்டர்களை, அதாவது ஃபைனல் ஃபேண்டஸி 9, 10, 12 ஆகியவற்றை, இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்தே அடுத்தடுத்து விளையாடிப் பார்த்தேன். 10, 12 இரண்டிலும், மற்ற எல்லா டிராஃபிகளையும் எடுத்தால் கிடைக்கும் பிளாட்டினம் வரை போனேன். 9-இல் கதையை முழுதாக முடித்தேன். டிராஃபிகளைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அப்படி நிறுத்தியதற்கான காரணமும் இந்த ஒப்பீட்டில் சேர்ந்ததுதான்.

மூன்றும் பிளேஸ்டேஷனில் பிறந்தவை. 9-ஆம் பாகம் 2000-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு நான்கு டிஸ்க்குகளில் வந்தது. 10-ஆம் பாகம் 2001-இலும் 12-ஆம் பாகம் 2006-இலும் பிளேஸ்டேஷன் 2-இல் வெளிவந்தன. ரீமாஸ்டர் என்ற பெயர் பொதுவாக இருந்தாலும் மூன்றிலும் நடந்திருக்கும் வேலை வெவ்வேறானது. 9-இன் ரீமாஸ்டர் 2016-இல் முதலில் கைப்பேசிகளுக்கும் பிறகு கணினிக்கும் வந்து, 2017-இல் பிளேஸ்டேஷன் 4-ஐ அடைந்தது. பாத்திரங்களின் உருவங்கள் அதில் தெளிவாக மெருகேறியிருக்கின்றன. ஆனால் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்ட பின்னணி ஓவியங்கள் பழைய அளவிலிருந்து நீட்டப்பட்டவை என்பதால், கூர்மையான முகத்தோடு ஒருவர் மங்கலான தெருவில் நடப்பது போன்ற பொருத்தமின்மை பெரிய திரையில் உறுத்துகிறது. 10-இன் எச்டி ரீமாஸ்டர் 2013-இன் இறுதியில் ஜப்பானில் வந்தது. முதன்மைப் பாத்திரங்களின் முகங்கள் அதில் புதிதாக அமைக்கப்பட்டன. கதை நாயகி யூனாவின் முகத்தில் முன்பிருந்த மென்மையான அசைவுகள் சில குறைந்துவிட்டன என்று குறைபட்டவர்களின் பக்கமே நானும் நிற்கிறேன். 2017-இல் ‘தி ஜோடியாக் ஏஜ்’ என்ற பெயரில் வந்த 12 மட்டும் வேறு வகை. 2007-இல் ஜப்பானில் மட்டும் வெளியான ஜோடியாக் ஜாப் சிஸ்டம் பதிப்பை அடித்தளமாகக் கொண்டு, போர் முறையையும் பாத்திரங்களை வளர்க்கும் முறையையும் அது திருத்தி அமைத்திருக்கிறது. இசையிலும் அதே கவனம் தெரிகிறது: ஹிதோஷி சாகிமோட்டோவின் இசை முழு வாத்தியக் குழுவோடு மீண்டும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது, விரும்புகிறவர் பழைய இசைக்கே மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

முதலில் 9. மூன்று கதைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். தான் எதற்காக உருவாக்கப்பட்டோம், எத்தனை நாள் உயிரோடு இருப்போம் என்று தெரியாத விவி என்ற சிறுவனின் கதையை, முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்கும்போது, தொடக்கத்தில் சாதாரணமாகக் கடந்துபோன ஒவ்வொரு பேச்சும் கனத்துப் போகிறது. அலெக்ஸாண்டிரியா நகரத்தில் நாடகம் பார்க்கப் போலி நுழைவுச்சீட்டோடு வரும் அந்தச் சிறுவனை, அதே நகரத்தில் கயிறு தாண்டி விளையாடும் சிறுமிகளிடம் கொண்டுபோய் நிறுத்தி, தொடர்ந்து 1000 முறை தாண்டச் செய் என்கிறது டிராஃபிப் பட்டியல். கயிற்றின் வேகம் நடுநடுவே மாறும். ஒரு முறை தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ரீமாஸ்டரில் போர்களை விரைவாக ஓட்டும் வசதியும் எதிரிகளே குறுக்கிடாமல் நடக்கும் வசதியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை மிகவும் பயனுள்ளவை. ஆனால் கயிற்றின் முன் நிற்கும்போது துணைக்கு வருவது விரலும் காதும் மட்டுமே. மூன்று இரவுகள் முயன்றேன். மூன்றாம் இரவு, இந்தக் கதையின் அருமையான முதல் மணி நேரத்தை நான் கதையாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் அந்த டிராஃபியை ஒதுக்கி வைத்தேன்.

இதே பட்டியலில் 10,000 எதிரிகளை வீழ்த்தவும் ஒரு டிராஃபி இருக்கிறது. கதையை இயல்பாக முடிக்கிறவர் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் எட்டுவார்; மீதிக்கு ஒரே காட்டில் நின்று வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றுக்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது இந்த விளையாட்டின் பழம்பெரும் சவாலான எக்ஸ்காலிபர் 2. அந்த வாளை எடுக்க வேண்டுமானால் 12 மணி நேரத்துக்குள் கடைசிக் களமான மெமோரியாவில் அது இருக்கும் இடத்தை அடைந்துவிட வேண்டும். ஆகவே வழியில் எதையும் நின்று பார்க்க முடியாது. ஒரு பக்கம் எல்லாவற்றையும் தேடு என்றும் மறுபக்கம் எதையும் பார்க்காமல் ஓடு என்றும் சொல்லும் விளையாட்டில், முழுமையை நாடுகிறவர் ஒரே பயணத்தில் நிறைவடைவது கடினம். போதாக்குறைக்கு, நான்காம் டிஸ்க்கில் பல ஊர்களின் வாசல்கள் மூடிக்கொள்கின்றன. விட்டதை எடுக்கத் திரும்பிப் போக வழியில்லை.

ஆயினும் 9-இன் பக்கத் தேடல்களில் எனக்குக் குறையே தெரியவில்லை. 99 தவளைகளைப் பிடிப்பதும், ராசிகளின் பெயர் தாங்கிய ஸ்டெல்லாட்ஸியோ நாணயங்களைத் தேடிச் சேர்ப்பதும், சோகோபோ என்ற பெரிய பறவையின் அலகால் மண்ணைக் கிளறிப் புதையல் எடுப்பதும் அந்த உலகத்தின் இயல்போடு ஒட்டிய வேலைகள். ஆகவே இதை மறுபடி விளையாட வேண்டுமா என்று கேட்டால் தயங்காமல் ஆம் என்பேன். பிளாட்டினத்துக்காக விளையாட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில்.

10-ஆம் பாகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மூன்றில் மிகச் சிறந்த டிராஃபியும் மிக மோசமான டிராஃபியும் இதில்தான் இருக்கின்றன. சிறந்தது, அல் பெட் மொழியின் 26 பாட நூல்களையும் சேர்ப்பது. அல் பெட் மக்கள் பேசுவது முதலில் ஓர் எழுத்தும் புரியாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் வேறோர் எழுத்தாக மாற்றி அமைத்த சங்கேத மொழி அது. ஒரு நூல் கிடைத்தால் ஓர் எழுத்து தெளியும். அடுத்த ஊரில் இன்னோர் எழுத்து. பயணம் நீள நீள, தொடக்கத்தில் வெறும் சத்தமாகக் கேட்ட மனிதர்கள் மெல்ல மெல்லப் பேசத் தொடங்குகிறார்கள். வெறுக்கப்படும் ஓர் இனத்தின் மொழியைக் கற்றுக்கொள்வதே அவர்களைப் புரிந்துகொள்வது என்ற கதையின் கருத்தும் இந்த டிராஃபியும் வேறு வேறல்ல. இரண்டாம் முறை விளையாடுகிறவருக்கு எச்சரிக்கை ஒன்று: பிகானெல் தீவிலுள்ள அல் பெட் மக்களின் இல்லம் கதையில் அழிந்துபோகிறது, அங்கே இருக்கும் நூல்களை அப்போதே எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது. பெவெல்லில் இருப்பதும் அப்படித்தான். என் முதல் முயற்சியில் இல்லத்திலிருந்த ஒரு நூலை விட்டுவிட்டு, பல மணி நேரத்துக்கு முந்தைய சேமிப்பிலிருந்து மறுபடி நடந்தேன். அதற்காகத் துளியும் வருந்தவில்லை.

மோசமானது இடிச் சமவெளியின் மின்னல். அங்கே தொடர்ச்சியாக 200 மின்னல்களிலிருந்து விலகித் தப்ப வேண்டும். திரை ஒரு கணம் வெளுக்கும். அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். 199-ஆவதில் கண் இமைத்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். பரிசு, குழுவிலுள்ள லூலூவின் இறுதி ஆயுதத்துக்கு வேண்டிய வீனஸ் முத்திரை. கதை நாயகன் டீடஸின் ஆயுதத்துக்கான முத்திரையோ சோகோபோப் பந்தயத்தில் 0 நொடியில் வந்தால்தான் கிடைக்கும். ஒவ்வொரு பலூனும் மூன்று நொடிகளைக் குறைக்கும், மோதும் ஒவ்வொரு பறவையும் மூன்று நொடிகளைக் கூட்டும். பலூன்கள் எங்கே தோன்றும் என்பது அதிர்ஷ்டம். ஏழு பேரின் இறுதி ஆயுதங்களையும் சேர்ப்பதற்கு ஒரு தனி டிராஃபி இருப்பதால், மின்னலையோ பந்தயத்தையோ கைவிடுகிறவர் ஒன்றோடு இன்னொன்றையும் சேர்த்தே இழக்கிறார்.

அதற்கும் மேலே நிற்கின்றன இரண்டு பெரு வேலைகள். ஏழு பாத்திரங்களின் ஸ்பியர் கிரிட் என்ற திறன் வளர்ச்சிப் பலகையையும் முழுவதும் நிரப்புவது ஒன்று. காம் லேண்ட்ஸ் சமவெளியிலுள்ள மிருகக் காட்சிக் களத்துக்கு ஒவ்வொரு மிருக வகையிலும் பத்துப் பத்தாகப் பிடித்துக் கொடுத்து, இறுதியில் ஒரு கோடி உயிர்ப்புள்ளிகள் கொண்ட நெமிசிஸை வீழ்த்துவது மற்றொன்று. மிருகம் பிடிக்கும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. கடந்துவந்த பாதை முழுவதையும் திரும்ப நடக்க அது ஒரு காரணத்தைக் கொடுத்தது. கிரிட் நிரப்புவது அப்படியல்ல. டான் டான்பெரி என்ற களமிருகத்திடம் அடிவாங்கி, அந்த வலியையே அனுபவப் புள்ளிகளாக மாற்றும் பரவலாக அறியப்பட்ட உத்தியைக் கைக்கொண்டால் நேரம் பெருமளவு மிச்சமாகும். ஆனாலும் அது கணக்கு வேலைதான்.

இங்கேதான் 10-இன் அடிப்படைச் சிக்கல் வெளிப்படுகிறது. அதன் கதை ஒரு யாத்திரை. ஒரே திசையில், முடிவில் யூனாவின் உயிர் போகும் என்ற அச்சத்தோடு நகரும் பாதை. டிராஃபிகளில் கடினமானவற்றில் பெரும்பாலானவை வான்கப்பல் கைக்கு வந்த பிறகு, இறுதிப் போருக்குச் சற்று முன், கதை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் குவிந்திருக்கின்றன. அந்த இடத்தில் நான் செலவிட்ட நேரம், அதுவரை கதைக்குச் செலவிட்ட நேரத்தைவிட அதிகம். கடைசிக் காட்சிக்குத் திரும்பியபோது அதற்குரிய மனநிலை என்னிடம் இல்லை. களைத்த மனத்தோடு பார்க்க அந்தக் காட்சி ஏற்றதல்ல என்பதால் சில நாள் இடைவெளி விட்டே முடித்தேன். பிளேஸ்டேஷன் பதிப்புகளில் காட்சிகளைத் தாண்டிச் செல்லவும் விளையாட்டை விரைவுபடுத்தவும் வசதி இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2016-இல் வந்த கணினிப் பதிப்பில் விரைவு ஓட்டமும், எதிரிகள் குறுக்கிடாமல் நிறுத்தும் வசதியும் இருக்கின்றன. மறுபடி விளையாடுகிறவர் கணினியில் விளையாடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

12-இன் கதை மற்ற இரண்டைப் போல் என் நெஞ்சில் நிற்கவில்லை. பேரரசுகளுக்கு இடையே சிக்கிய டால்மாஸ்கா என்ற சிறு நாட்டின் அரசியலாகக் கூர்மையாகத் தொடங்கி, பாதிக்கு மேல் தளர்ந்துவிடுகிறது. ஆனால் டிராஃபி வேட்டைக்கும் மறு விளையாட்டுக்கும் இதைப்போல் பொருந்தியது மற்றொன்றில்லை. முக்கியக் காரணம், சாதனைகளைச் சேர்ப்பது என்ற எண்ணம் இந்த விளையாட்டில் பிறப்பிலேயே இருந்தது. பிளேஸ்டேஷன் தளத்தில் டிராஃபி முறை 2008-இல்தான் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே 12-இன் பட்டியல் திரைக்குள் ‘ஸ்கை பைரேட்ஸ் டென்’ என்ற ஓர் அறை இருந்தது. இத்தனை முறை தாக்கியது, இத்தனை அடிகள் நடந்தது, எல்லா மந்திரங்களையும் கற்றது என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பாத்திரத்தின் சிறு உருவம் அந்த அறையில் வந்து நிற்கும். ரீமாஸ்டரின் டிராஃபிகள் அந்த மண்ணிலிருந்தே முளைத்தவை; வெளியிலிருந்து ஒட்டப்பட்டவையாகத் தெரிவதில்லை.

வேட்டை என்பதே இங்கே ஒரு தொழில். அறிவிப்புப் பலகையில் ஒரு மிருகத்தின் பெயர் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கேட்டவரைத் தேடிப்போய் ஏன் அதைக் கொல்ல வேண்டும் என்று கேட்டறிந்து, களத்தில் முடித்து, திரும்பி வந்து கூலி வாங்க வேண்டும். அப்படி 45 வேட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு கதை. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டை முடித்துவிடலாம் என்பதால், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்கிறவருக்கு இது மிகவும் வசதி. எஸ்பர் என்ற 13 மாய உயிர்களையும் வென்று வசப்படுத்துவதும் கதை நடக்கும் ஐவாலிஸ் உலகம் முழுவதையும் சுற்ற வைக்கிறது. கடைசி வேட்டையான யியாஸ்மாட்டுக்கு ஐந்து கோடிக்கு மேற்பட்ட உயிர்ப்புள்ளிகள். பழைய பதிப்பில் ஒரு அடிக்கு 9,999 என்ற வரம்பு இருந்ததால் அது மணிக்கணக்கில் நீளும் போர். இப்போது அந்த வரம்பும் இல்லை. நான்கு மடங்கு விரைவு ஓட்டமும் இருக்கிறது. நடுவில் விலகிப்போய்ச் சேமித்துவிட்டுத் திரும்பவும் முடியும். கேம்பிட் என்னும் கட்டளைகளை முன்கூட்டி வரிசைப்படுத்தி வைத்தால் பாத்திரங்கள் தாமாகவே போரிடுவதால், வெற்றி நம் விரலின் வேகத்தால் வருவதில்லை. முன்பே யோசித்ததால் வருகிறது.

ஜோடியாக் ஏஜில் 12 லைசென்ஸ் போர்டுகள் (பாத்திரம் கற்கும் திறன்களைத் தீர்மானிக்கும் பலகைகள்), ஆறு பாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு போர்டுகள். யாருக்கு எதைக் கொடுப்பது என்ற தேர்வே இரண்டாம் பயணத்தை முதல் பயணத்திலிருந்து வேறாக்கிவிடுகிறது. மற்ற இரண்டு விளையாட்டுகளிலும் இந்த அளவு மாற்றம் கிடைக்காது. தவறிப்போகக்கூடியவையும் குறைவு. 2006 பதிப்பில் நான்கு குறிப்பிட்ட பெட்டிகளைத் திறந்துவிட்டால் ஜோடியாக் ஈட்டி உரிய இடத்தில் கிடைக்காமல் போகும் என்ற, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு பொறி இருந்தது. அது நீக்கப்பட்டது மிக நியாயமான செயல்.

குறைகளும் உண்டு. 80 அரிய மிருகங்களில் பல, வழிகாட்டி இல்லாமல் கண்டுபிடிக்க இயலாத நிபந்தனைகளின்கீழ் தோன்றுகின்றன. ஒமேகா மார்க் 12 என்ற வலிய எதிரி ஒளிந்திருக்கும் கிரேட் கிரிஸ்டல் என்ற பகுதிக்கு வரைபடமே கிடையாது; ஒரே மாதிரித் தளங்களில் நான் முழு மாலைப்பொழுதும் அலைந்தேன். தாளும் பேனாவும் எடுத்து நானே வரைந்துகொண்ட பிறகுதான் வழி பிடிபட்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

9-ஐயும் 12-ஐயும் இயக்கியவர்களில் ஹிரோயுகி இதோ பொதுவானவர் என்பது இந்த ஒப்பீட்டின்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. 9-இல் மூலைகளில் மறைத்துவைக்கப்பட்ட அதே ஆர்வம் 12-இல் பலகையில் ஒட்டி அறிவிக்கப்படுகிறது. ஆகவே நேரம் குறைவாக உள்ளவர் 12-ஐத் தொடங்கி பிளாட்டினம் வரை போகலாம். 10-ஐ எடுப்பவர் முதலில் பாட நூல்களை மட்டும் கவனமாகச் சேர்த்துக்கொண்டு யாத்திரையை நிற்காமல் முடித்து, இறுதிக்காட்சியைப் பார்த்துவிட்டு, பிறகு பழைய சேமிப்புக்குத் திரும்பி மின்னலையும் பந்தயத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். 9-ஐத் தொடங்குகிறவர் டிராஃபி அறிவிப்புகளைக் கருவியின் அமைப்பில் முதலிலேயே அணைத்துவிடலாம். கயிறு தாண்டும் சிறுமிகளோடு விவியை இருபது முறை தாண்டவிட்டு, நாடகம் தொடங்கும் முன் அரங்கத்துக்கு அழைத்துப் போங்கள்.