காட்டுத்தீ புகைக்கு ஏர் பியூரிஃபையரா, டேப் ஒட்டின ஃபேன் டப்பாவா?

தீ எங்கயோ தூரத்துல எரியுதுன்னு நிம்மதியா இருக்க முடியாதுங்க, காத்து திரும்பினா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் புகை வந்துரும். கண்ணு எரிச்சல், தொண்டை கரகரப்பு எல்லாம் தெரிஞ்சுரும், ஆனா நிஜமா பயப்பட வேண்டியது பிஎம் 2.5ன்னு சொல்ற தூசி, தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்கு கூட இருக்காது, நேரா நுரையீரல் அடி வரைக்கும் போயிடும். 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 15 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லிருக்கு, புகை மூட்டமான நாள்ல அது பல மடங்கு ஏறிடும்.

ஹெப்பா பில்டர் போட்ட பியூரிஃபையர் 0.3 மைக்ரான் தூசில 99.97% பிடிக்கும். கேக்க நல்லாருக்கு. ஆனா சின்ன மெஷினை பெரிய ஹால்ல வெச்சா பிரயோஜனமே இல்ல, ஏன்னா எவ்வளவு சுத்தமா வடிகட்டுதுங்கறதை விட எவ்வளவு காத்தை வடிகட்டுதுங்கறதுதான் முக்கியம். அதுக்கு பெட்டில சிஏடிஆர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, எவ்வளவு சுத்தமான காத்து தருதுன்னு அது சொல்லும், புகைக்கான நம்பர் நிமிஷத்துக்கு கன அடி கணக்குல ரூமோட சதுர அடி அளவுக்காவது இருக்கணும், 200 சதுர அடி ரூம்னா 200. ஓசோன் விடற மாடல் பக்கமே போகாதீங்க, அதுவே நுரையீரலுக்கு கெடுதல்.

இன்னொன்னு, 2020ல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால்னு ரெண்டு பேர் சொன்ன டப்பா. 20 இன்ச் மெர்வ் 13 பில்டர் (மெர்வ்ங்கறது தூசி பிடிக்கற திறனுக்கு போடற தர எண்) நாலை சதுரமா நிறுத்தி, அடில அட்டை, மேல சதுரப் பெட்டி மாதிரி இருக்கற பாக்ஸ் ஃபேன், ஓரமெல்லாம் டேப். மெர்வ் 13 ஒரு தடவைல பிடிக்கறது ஹெப்பாவை விட கம்மிதான், ஆனா நாலு பக்கமும் இழுக்கறதால ஓடற காத்து ரொம்ப அதிகம், அதே காத்து திரும்பத் திரும்ப சுத்தி வரும்போது ரூம் வேகமா தெளிஞ்சுரும். சத்தம் இருக்கும், இடம் அடைக்கும். என்னைக் கேட்டா பகல்ல எல்லாரும் இருக்கற ரூமுக்கு டப்பா, தூங்கற ரூமுக்கு ஹெப்பா. ஒண்ணுதான் முடியும்னா டப்பாதான், பழைய ஃபேனா இருந்தா மட்டும் ஆள் இல்லாதப்போ ஓட விடாதீங்க.

எதை வெச்சாலும் வீடு முழுக்க முயற்சி பண்ணாம ஒரே ஒரு ரூமை சுத்தமா வெச்சுக்கிட்டு அங்கயே இருங்க. உள்ள மெழுகுவத்தி, ஊதுபத்தி, வறுக்கறது பொரிக்கறது வேண்டாம்.

கோடைல வர்ற பெரிய சிக்கல், ஜன்னலை சாத்தினா வெக்கை, திறந்தா புகை. ஏசி இருந்தா வெளிக்காத்து வர்ற வழியை மூடிட்டு ஓட்டலாம், ஆனா தண்ணி ஊத்தற ஏர் கூலர் வெளிக்காத்தைத்தான் இழுத்து உள்ள தள்ளும், புகை நாள்ல அது சரிப்படாது. உள்ள தாங்க முடியாத சூடுன்னா, அதுவும் வயசானவங்க கைக்குழந்தை இருந்தா, ஏசி இருக்கற வேற இடத்துக்கு கிளம்பிடுங்க, வெப்பம் சில மணி நேரத்துலயே ஆளை சாய்ச்சிடும், அதுல யோசிக்கவே கூடாது.

மாஸ்க்ல பெருசா அலசவே வேண்டாம், ஈரத்துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதுக்கு பத்தாது, என்95தான், அதுவும் தாடி இருந்தா ஓரத்துல காத்து கசியும். அதுவும் தூசியைத்தான் நிறுத்தும், புகைல இருக்கற வாயுவை நிறுத்தாது.

சாம்பலை துடைப்பத்தால கூட்டினாலும் ப்ளோயர் வெச்சு ஊதினாலும் படிஞ்சதெல்லாம் திரும்ப பறந்து மூக்குக்குள்ளதான் போகும், சாதா வேக்யூமும் பின்னாடி கக்கிடும். லேசா தண்ணி தெளிச்சு ஈரத்துணியால வழிச்சு எடுங்க, கைல உறை, முகத்துல என்95. வீடுங்க எரிஞ்ச சாம்பல்னா ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் கூட இருக்கலாம், குழந்தைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க, வெளில போட்ட செருப்பை வாசல்லயே கழட்டிடுங்க.