பிரான்ட்வுட்: ஜான் ரஸ்கின் வாழ்ந்த வீடு

கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் எழுத்தில் ஈடுபாடு உள்ளவர்கள், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கானிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பிரான்ட்வுட் இல்லத்தை அவசியம் பார்க்க வேண்டும். 1871-இல் நேரில் பார்க்காமலேயே 1,500 பவுண்டுக்கு அவர் வாங்கிய இவ்வீடு, 1934 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சாலை வழியாகவும் போகலாம். ஆனால் கானிஸ்டன் ஊரிலிருந்து படகில் போவதே மேல்.

வீட்டின் உயிர்நாடி மாடியிலுள்ள படுக்கையறை. அதன் மூலையில் ரஸ்கின் கட்டிச் சேர்த்த, சுற்றிலும் கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட சிறு கோபுரத்தில் நின்றால், ஏரிக்கு அப்பால் ஓல்ட் மேன் மலை தெரிகிறது. மேகம் நகர நகர மலையின் நிறம் மாறுவதை அங்கே பார்த்தபோதுதான், ஓவியத்தைப் பற்றி எழுத வந்தவர் பாறை அடுக்குகளையும் மேக வகைகளையும் ஏன் பக்கம் பக்கமாக விவரித்தார் என்பது எனக்கு விளங்கியது. ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியரான டர்னரின் ஓவியங்களைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடிய காலத்தில், இயற்கையை அவரளவு உண்மையாகக் கண்ட ஓவியர் இல்லை என்று 1843-இல் வாதிட்ட ரஸ்கினுக்கு அப்போது 24 வயது. பின்னாளில் அதே டர்னரின் நீர்வண்ண ஓவியங்களை இந்தக் கட்டிலைச் சுற்றி மாட்டிவைத்திருந்தார். 1878-இல் மனநோய் தாக்கிய பிறகு அவர் இவ்வறையில் உறங்கவில்லை என்பதை அறிந்து நிற்கும்போது மனம் கனக்கிறது.

ரஸ்கினே தீட்டிய ஓவியங்களை அவசரமின்றிப் பாருங்கள். ஓர் இறகையோ கல்லையோ வரைவது ஓவியர் ஆவதற்காக அல்ல, பார்க்கக் கற்பதற்காக என்று நம்பிய அவர், லண்டனில் தொழிலாளர் கல்லூரியிலும் அதையே கற்பித்தார். கட்டடத்தின் அழகைப் பேசும்போதும், கல்லைச் செதுக்கியவனுக்குத் தன் வேலையில் சுதந்திரம் இருந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவரைப் பொருளியலுக்கு இட்டுச் சென்றது. 1860-இல் அவர் எழுதிய கட்டுரைகளை 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்த காந்தி, பின்னர் அவற்றின் சாரத்தைச் சர்வோதயம் என்ற பெயரில் குஜராத்தியில் எழுதினார்.

சமகால ஓவியர் விஸ்லரின் இரவுக் காட்சி ஓவியத்தை வசைபாடி, அவர் தொடுத்த அவதூறு வழக்கில் தோற்றது ரஸ்கினின் பெரும் சறுக்கல் என்றே நான் கருதுகிறேன். டர்னரின் மூடுபனிக்காக வாதாடியவர் விஸ்லரின் இருளுக்கும் அதே பொறுமையைக் காட்டியிருக்க வேண்டும்.

மலைச்சரிவில் ஏறும் தோட்டங்களுக்கும் சேர்த்து அரை நாளாவது ஒதுக்குங்கள். திரும்பும் வழியில் கானிஸ்டன் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறையையும், ஊரிலேயே உள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.