சேபர் வாள்வீச்சு: 120-ஆ, 170-ஆ?

வாள்வீச்சின் மூன்று வகைகளில் ஒன்றான சேபரில் ஒருவரின் வெட்டு பதிவானதும் மற்றவரின் வெட்டுக்கு இயந்திரம் கொடுக்கும் அவகாசம் முன்பு 120 மில்லிசெகண்ட். ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு 2016-இல் அது 170 ஆனது. வித்தியாசம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான், ஆனால் ஆட்டமே மாறிவிட்டது.

தாக்க வருபவரின் வாளைத் தடுத்துத் திருப்பி வெட்டுகிறீர்கள். விதிப்படி முன்னுரிமை, அதாவது இருவர் வெட்டும் பதிவானால் புள்ளி பெறும் உரிமை, உங்களுக்கே. ஆனால் அவர் வாளை எடுக்காமல் அங்கேயே மறுபடி ஒரு தட்டு தட்டிவிடுவார். 120-இல் அவர் வெட்டு பதிவானதைக் காட்டும் விளக்கு மட்டும் எரிந்து, உங்கள் வெட்டு பதிவாகாமலே போகும். அழகாகத் தடுத்தவருக்குப் புள்ளி இல்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. 170-இல் இரண்டு விளக்கும் எரியும், நடுவர் உங்களுக்குக் கொடுப்பார்.

இழப்பும் உண்டு. எதிராளி கை நீட்டும்போது மணிக்கட்டில் வெட்டிவிட்டுப் பின்வாங்கும் உத்திக்கு இப்போது இன்னும் 50 மில்லிசெகண்ட் முந்த வேண்டும். இரட்டை விளக்குகள் கூடுவதால் நடுவரின் தீர்ப்புக்கும் எடை கூடுகிறது.

நம்ம சென்னை சேபர் வீராங்கனை பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆடியது இந்த 170-இல்தான். எனக்கும் 170-தான் சரி. தடுப்பாட்டம் கற்க உழைப்பவருக்கு அது பலன் தருகிறது.