துருத் தகரத்தை அடைக்கப் பாலியஸ்டரா, எபாக்ஸியா?

எங்கள் வீட்டு 1986ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி காரின் டிக்கித் தரையில் துரு அரித்த உள்ளங்கை அகல ஓட்டையை நான் இரண்டு முறை பைபர் (ரெசின் என்ற, இறுகும் பசைத் திரவத்தில் ஊறிய கண்ணாடி இழை) வைத்து அடைத்திருக்கிறேன். முதல் முறை பாலியஸ்டர் ரெசினாலும் அடுத்த முறை எபாக்ஸியாலும். இனி தகரத்தின் மேல் பாலியஸ்டரை நான் வைக்கப் போவதில்லை.

விலையில் பாலியஸ்டர் மிக மலிவு. கிடைப்பதிலும் அதற்கே வசதி: 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் பைபர் படகுகள் பெருகியதால், ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழைத் துண்டுகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) அதில் கைதேர்ந்தவர்களும் அப்பக்கம் எளிதில் கிடைக்கிறார்கள். நானும் படகு வேலையைப் பார்த்துத்தான் கற்றேன்; என் தவறும் அங்கேதான் தொடங்கியது. படகில் பைபரின் மேல் பைபர் ஒட்டுகிறது. காரிலோ இரும்புத் தகட்டின் மேல் ஒட்ட வேண்டும்.

பாலியஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் சுருங்குகிறது. தகடு சுருங்காததால் அந்த இழுவிசை முழுவதும் ஒட்டின் விளிம்பில் சேர்கிறது. இரும்பின் மீது அதன் பிடிப்பும் இயல்பிலேயே குறைவு. ஐப்பசி அடைமழையில் அந்த விளிம்பு வழியே கசிந்த நீர் அடியில் தங்கி, தை மாதம் நான் நெம்பிப் பார்த்தபோது ஒட்டு முழுவதும் அப்பளம் போல ஒரே துண்டாகக் கழன்று வந்தது; அடியில் ஓட்டை முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. எபாக்ஸியின் சுருக்கம் இதில் சிறு பங்கே; மேலும் அது அடிப்படையில் ஒரு பசை என்பதால், துருவைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்ட இடத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது.

ஆனால் எபாக்ஸி கவனம் கேட்கிற பொருள். நான் வாங்கிய அரால்டைட் எல்.ஒய். 556 ரெசினுக்கு அதை இறுக வைக்கும் எச்.ஒய். 951 ஹார்டனரை எடையில் 100க்கு 10 என்று தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். பாலியஸ்டரை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைப் போல 1 முதல் 2 சதவீதத்துக்குள் வெயிலுக்கேற்பக் கூட்டிக் குறைக்க இதில் இடமில்லை. படகுக்காரர்களின் மேட்டும் இதற்குப் பொருந்தாது, ஏனெனில் அதன் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். நெய்த கண்ணாடித் துணியே வேண்டும். சித்திரை வெயிலில் கலவை டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடுவதால், சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பிக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மேற்பரப்பில் படியும் பிசுபிசுப்பான படலத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் அது உரிந்துவிடும்.

அச்சில் வார்க்கும் ஸ்பாய்லர், ஸ்பீக்கர் பெட்டி போன்றவற்றுக்குப் பாலியஸ்டரே போதும். கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் மட்டும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, தீப்பற்றி வெடிக்கும். ஜாக்கி தாங்கும் இடத்திலும் சேசிஸிலும் எந்த ரெசினும் உதவாது, வெல்டிங்தான்.

என் எபாக்ஸி ஒட்டு இதுவரை இரண்டு மழைக்காலங்களைத் தாண்டி விளிம்பு பிரியாமல் நிற்கிறது. அது வெயில் படாத டிக்கித் தரை. நண்பகலில் கை வைக்க முடியாதபடி காயும் பானெட்டில், அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி இளகித் துணியின் நெசவு பெயின்டில் தெரிய வாய்ப்புண்டு என்பதால், அங்கே இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு என் அனுபவம் போதாது.