கியூஎமு எமுலேட்டர்: நேன் மதிப்புகளில் அதை நம்பலாமா?

ஒரு சில்லுக்கு எழுதிய நிரலை வேறு சில்லுள்ள கணினியில் ஓட்டிக்காட்டும் மென்பொருளான கியூஎமுவை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். திருவொற்றியூரில் வெப்ப அளவீட்டுப் பலகைகள் செய்யும் எங்கள் சிறு நிறுவனத்துக்கு வேகம் இரண்டாம் பட்சம்தான். எண்ணூர், மணலிப் பக்கம் உப்புக்காற்றில் முனையங்கள் அரித்து சென்சார் கம்பி அறுந்துபோவது வாடிக்கை என்பதால், வாசிப்பு கிடைக்காதபோது எங்கள் மென்பொருள் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேன் மதிப்பை எழுதி, கம்பி அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்ற குறியீட்டை அதன் கீழ் பிட்டுகளில் வைக்கிறது. பழைய ஆர்ம் சில்லுப் பலகையிலிருந்து ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகைச் சில்லுக்கு மாறுவதென்று முடிவானதும், அந்தக் குறியீடு கணக்குகளைத் தாண்டி உயிரோடு வருமா என்பதைப் புதிய பலகை கைக்கு வருமுன்பே அறிவதற்காகக் கியூஎமுவை எடுத்தோம்.

சிக்கலின் வேர், மிதவைப்புள்ளி (பின்ன) எண்களைக் கணினிகள் கையாளும் விதத்தை வகுக்கும் ஐஇஇஇ 754 தரநிலையிலேயே இருக்கிறது. இரண்டு நேன்களைக் கூட்டினால் ஏதாவது ஒன்றின் உள்ளடக்கம் (நாங்கள் குறியீடு வைக்கும் பிட்டுகள்) விடையில் வர வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுப் பதிப்பு பரிந்துரைக்கிறதே தவிர, எது என்று சொல்வதில்லை. ஆகவே இன்டெல் சில்லின் எஸ்எஸ்இ கணக்கீட்டுப் பகுதி முதல் உள்ளீட்டைத் தேர்கிறது. அதே சில்லிலுள்ள பழைய எக்ஸ்87 பகுதியோ, எண்ணின் பின்னப்பகுதி பெரிதாக உள்ளதைத் தேர்கிறது. ஆர்ம், சிக்னலிங் நேன் (கணக்கில் வந்ததும் பிழை எச்சரிக்கை எழுப்பும் வகை) இருந்தால் அதற்கே முன்னுரிமை தருகிறது. ரிஸ்க்-ஃபைவோ எதையும் தேராமல், எப்போதும் ஒரே நியமன நேனைத் திருப்பித் தருகிறது. பழைய மிப்ஸ் சில்லுகளில் சிக்னலிங், குவையட் (எச்சரிக்கை எழுப்பாதது) இரண்டையும் பிரிக்கும் பிட்டின் பொருளே தலைகீழ்.

உள்ளீட்டை அப்படியே லேப்டாப்பின் இன்டெல் சில்லிடம் தள்ளிவிடும் எமுலேட்டர் இந்த இடத்தில் தடுக்கி விழும். கியூஎமு அப்படிச் செய்வதில்லை. 2019இல் வந்த 4.0 பதிப்பு முதல் அது புரவலன் கணினியின், அதாவது தான் ஓடும் கணினியின், மிதவைப்புள்ளி அலகைப் பயன்படுத்துகிறது என்றாலும், உள்ளீடுகள் சாதாரண எண்களாகவோ பூச்சியமாகவோ இருந்து, முழுமையாக்கும் முறையும் பிழைநிலையைக் குறிக்கும் கொடிகளும் இடம் கொடுத்தால் மட்டுமே அந்தக் குறுக்குவழியில் போகிறது. நேன் வந்தால், பெர்க்லி சாஃப்ட்ஃப்ளோட் என்ற நிரல்தொகுப்பிலிருந்து வளர்ந்த தன் மென்பொருள் கணக்கீட்டுக்கே திரும்பிவிடுகிறது.

நாங்கள் சோதித்த ஒன்றைச் சொல்கிறேன். நேன் ஒன்றை 32 பிட் முழு எண்ணாக மாற்றும் சின்ன நிரலை, எந்த விடையையும் தொகுப்பி (கம்பைலர்) முன்கூட்டியே கணக்கிட்டுவிடாதபடி எழுதி ஓட்டியதில், இன்டெலில் -2147483648, ஆர்ம் எமுலேஷனில் 0, ரிஸ்க்-ஃபைவ் எமுலேஷனில் 2147483647 வந்தன. மூன்றும் அந்தந்தச் சில்லின் கையேடு சொல்வதே. சி மொழியில் இந்த மாற்றத்துக்கு வரையறுத்த விடை இல்லை என்பதால், அறுந்த கம்பி ஆர்மில் பூச்சியம் டிகிரியாகவும் ரிஸ்க்-ஃபைவில் கொதிக்கும் உலையாகவும் தெரிந்திருக்கும். 32 பிட் ஆர்மின் இரு மிதவைப்புள்ளிக் கட்டளைத் தொகுதிகளில், விஎஃப்பி கட்டளைகள் நேனின் உள்ளடக்கத்தைக் காப்பதும், நியான் கட்டளைகள் அதைத் துடைத்துவிடுவதும் தனித்தனியாகவே பின்பற்றப்பட்டிருந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. இவ்வளவு நுணுக்கத்தை இலவச மென்பொருளில் நான் எதிர்பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. நேன் நிறைந்த தரவில் குறுக்குவழி அடைபடுவதால் ஓட்டம் கண்கூடாக மந்தமாகிறது. எந்தக் கட்டளையில் நேன் முதலில் பிறந்தது என்பதைக் காட்டும் எளிய வசதி கிடையாது. ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்துப் பொறுமையாகத் தேட வேண்டும். சில்லின் விதிகளை இது பின்பற்றுமே ஒழிய, குறிப்பிட்ட சில்லில் இருக்கும் வன்பொருள் பிழைகளைக் காட்டாது. அதற்குப் பலகைதான் வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் சோதனையில் சராசரி கணக்கிடும் வரியைத் தாண்டியதுமே எங்கள் குறியீடு அழிந்தது. ஆகவே புதிய பலகைக்கான நிரலில் பழுதுக் குறியீட்டை வாசிப்போடு சேர்க்காமல் தனி பைட்டில் வைத்துவிட்டோம். நேன் இப்போது ‘வாசிப்பு இல்லை’ என்பதை மட்டும் சொல்கிறது.