ஜல்லிக் குழியா, உறை கிணறா?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு செ.மீ. பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். மழைநீர் சேகரிப்பு எதையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

2003-ல் தமிழகத்தில் இது கட்டாயமானபோது மாடி நீரை மண்ணுக்குள் இறக்கப் பல வீடுகளில் அவசரமாகத் தோண்டியது ஜல்லிக் குழி. மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம், உள்ளே கருங்கல் ஜல்லி, மேலே மணல். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 1,270 லிட்டர் பிடிக்கும் குழியில் ஜல்லி போக மிஞ்சும் இடம் 500 லிட்டர்தான். அரை செ.மீ. மழைக்கே நிரம்பிவிடும். பெசன்ட் நகர் போன்ற மணல்வாகில் உடனே இறங்குவதால் பரவாயில்லை. களிமண் பகுதியில் வழிந்து சாலைக்குப் போகும்.

அதைவிடப் பெரிய குறை பராமரிப்பு. மாடித் தூசி, சருகு, புறா எச்சம் எல்லாம் மணலின் மேல் ஆடையாகப் படியும், நுண்ணிய வண்டல் ஜல்லி இடுக்கில் இறங்கும். சில பருவங்களில் குழி அடைத்துக்கொள்ளும். சரிசெய்ய மொத்த ஜல்லியையும் அள்ளி, அலசி, திரும்பக் கொட்ட வேண்டும். யார் செய்கிறார்கள்? மூடி இருக்கும், குழாயும் இருக்கும், தண்ணீர் மட்டும் இறங்காது.

உறை கிணறு இங்கேதான் ஜெயிக்கிறது, ஏனென்றால் உள்ளே ஒன்றும் நிரப்புவதில்லை. மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை 15 அடி ஆழத்துக்கு இறக்கினால் சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். உறைகளின் இணைப்பில் கலவை பூசக் கூடாது. கீழ் உறைகளில் துளை வேண்டும். அடியில் கான்கிரீட் போடவே கூடாது (பழக்க தோஷத்தில் கொத்தனார் போட்டுவிடுவார், பக்கத்திலேயே நிற்கவும்). உறைக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் ஜல்லி. மேலே கான்கிரீட் மூடி, துளைகளுக்குக் கொசுவலை. குழாய் கிணற்றில் விழும் முன் இரண்டடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி. முதல் மழை அழுக்கை வெளியேற்ற, மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் திறந்து மூடும் ஒரு மூடி.

பராமரிப்பு என்பது புரட்டாசிக்குள் மூடியைத் தூக்கி, அடியில் படிந்த வண்டலை வாளியால் வாருவதுதான். ஆள் இறங்க வேண்டியிருந்தால் மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நிற்கும்போது மட்டுமே இறங்க வேண்டும்.

15 அடியிலும் களிமண்ணே வந்தால், கிணற்றின் அடியிலிருந்து மணல் அடுக்கு வரை சிறிய போர் போட்டு, துளையிட்ட பிவிசி குழாயை நைலான் வலை சுற்றி இறக்கலாம். கிண்டி, பரங்கிமலை போன்ற பாறைப் பகுதிகளில் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. வெடிப்புள்ள பாறை உறிஞ்சும், திடப்பாறை தேக்கும். அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பார்த்த பிறகு செலவு செய்யவும்.

சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில், நேரடியாகச் சேமிப்பதும் நல்லதே, வடிகட்டி இருந்தால். ஆனால் அடைமழை நாளில் சம்ப் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதனால் சம்ப்பின் வழிகுழாயைக் கிணற்றோடு இணைத்துவிடுங்கள். வாசலில் ஓடும் நீரை மட்டும், வண்டி கழுவிய எண்ணெயோடு, நேரே போர்க் குழாயில் விடவே வேண்டாம். அந்த அழுக்கு நிலத்தடி நீருக்குப் போய்விடும். கிணற்றின் இடத்தைக் குறிக்கும்போது செப்டிக் டேங்கை விட்டு எதிர் மூலைக்குப் போய்விடுங்கள்.

கிணறு கட்டி முடித்ததும், காய்ந்திருக்கும்போது 500 லிட்டர் ஊற்றினால் இரண்டரை அடி நிற்கும். அது முழுதாக இறங்க ஆகும் நேரத்தை மூடியின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே அளவு இறங்க இருமடங்கு நேரமானால், வண்டலோடு அடிமண்ணையும் ஓர் அடி வெட்டி எடுக்க வேண்டும்.