மனநலக் களப்பயிற்சி: ஆலோசனை மையமா, தடுப்புப் பணியா?

களப்பயிற்சிக்கு ஆலோசனை மையத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், ஒருவரோடு நேருக்கு நேர் அமர்ந்து கேட்கவும், குறிப்பெழுதவும், மேற்பார்வையாளரிடம் திருத்தம் பெறவும் பழகலாம். ஆனால் அங்கு வருபவர் ஏற்கெனவே நொந்துபோனவர்.

தடுப்புப் பணியில் போதைப் பழக்கமோ மனச்சோர்வோ தலையெடுக்கும் முன்பே பள்ளிக்கும் குடியிருப்புக்கும் நாம்தான் போக வேண்டும். 1983-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கார்டன் முன்வைத்த பகுப்பை ஒட்டி, எல்லோருக்குமான திட்டம், ஆபத்து கூடிய குழுவுக்கானது, தொடக்க அறிகுறி தெரிபவர்களுக்கானது என மூன்றாகப் பிரிப்பார்கள். பலன் சட்டென்று கண்ணில் படாது. நடக்காமல் போனதை எப்படி அளப்பது? அதற்காகவே திட்டத்துக்கு முன்னும் பின்னும் கருத்தாய்வு நடத்தி, தரவை அலசப் பழகுகிறோம். மக்களின் நம்பிக்கையைப் பெறுவது அதைவிடக் கடினம், அருமையான பாடமும்கூட.

இளநிலை மாணவர்களுக்கு நான் தடுப்புப் பணியையே சொல்வேன். சிகிச்சை உரிமம் இல்லாமலே பொறுப்பான வேலை கிடைக்கும். ஆலோசகராகப் போகிறவர் மையத்துக்குப் போகட்டும், வாரந்தோறும் மேற்பார்வை உண்டா என்று கேட்டுவிட்டு.